உயிர்காக்கும் ஊசி: சீட்டிலிருந்து கைக்கு

(மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

ஒரு மருந்து நாட்டு மக்களுக்குக் கிடைக்கிறதா என்ற கேள்விக்குத் திட்டமிடுவோர் வழக்கமாக மூன்று இடங்களில் விடை தேடுவர். அம்மருந்து இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறதா? உள்நாட்டிலேயே உற்பத்தியாகிறதா? அதன் விலைக்கு அரசு உச்சவரம்பு விதித்திருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை கிடைத்துவிட்டால் அம்மருந்தைப் பற்றிய கோப்பு பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். அட்ரினலின் என்னும் ஊசி மருந்தைப் பொறுத்தவரை மூன்றுக்கும் விடை 'ஆம்' என்பதே. 2022-ஆம் ஆண்டின் தேசியப் பட்டியலில் அது உள்ளது. இந்தியத் தொழிற்சாலைகள் பல அதைத் தயாரிக்கின்றன. ஒரு மில்லி லிட்டர் மருந்து அடங்கிய கண்ணாடி ஆம்பூலின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலையைவிட அதிகமன்று. இருந்தும், இதே மருந்தை நோயாளி தம் கையால் தாமே செலுத்திக்கொள்ளத் தக்க வடிவில் எழுதித் தரப்பட்ட சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு மாவட்டத் தலைநகரில் கடை கடையாக ஏறி இறங்குபவர் பெரும்பாலும் வெறுங்கையுடன்தான் வீடு திரும்புகிறார். இந்த முரண்பாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசுவது நலம். ஹிமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் ஏப்ரல் மாதம் ஆப்பிள் மரங்கள் பூக்கின்றன. பூக்கள் காயாக வேண்டுமானால் தேனீக்கள் வேண்டும். ஆகவே, பூக்கும் பருவத்தில் தோட்டக்காரர்கள் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துத் தோட்டத்தில் வைப்பது அங்கு நெடுநாளைய வழக்கம். சமவெளியிலிருந்தும் தேனீ வளர்ப்போர் பெட்டிகளுடன் மலையேறி வருவதுண்டு. அப்படிப்பட்ட ஒரு தோட்டத்துக் குடும்பத்துப் பெண்மணி ஒருவரைத் தேனீ கொட்டியது என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் உடலெங்கும் தடிப்பு, குரல் கம்மல், மூச்சுத் திணறல், மயக்கம். அன்று மருத்துவமனை எட்டும் தொலைவில் இருந்தமையால் அவர் பிழைத்துக்கொண்டார். பின்னர் பெருநகர மருத்துவமனையில் அவரைப் பரிசோதித்த நிபுணர், அடுத்த முறை கொட்டு பட்டால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்து, எந்நேரமும் கையோடு வைத்திருக்குமாறு அட்ரினலின் ஊசிப் பேனா இரண்டை எழுதிக் கொடுத்தார். இனி அந்தச் சீட்டின் கதையைத் தொடர வேண்டும். அதற்கு முன்பு, நிபுணர் ஏன் அவசரப்பட்டார் என்பதைச் சிறிது விளக்குவது அவசியம்.

பதினைந்து நிமிடம்

இந்நோய்க்கு மருத்துவ உலகம் இட்ட பெயர் அனஃபிலாக்சிஸ். கடல் உயிரினங்களின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து எதிர்ப்பு ஆற்றலை வளர்க்க முயன்ற பிரெஞ்சு அறிவியலாளர்களான பால் போர்த்தியேவும் ஷார்ல் ரிஷேவும், இரண்டாம் முறை கொடுத்த சிறு அளவே நாயைக் கொன்றுவிடக் கண்டு 1902-இல் இப்பெயரைப் படைத்தனர். ரிஷேவுக்கு இதற்காக 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. காக்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நிலை இது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் வீழ்கிறது, மூச்சுக் குழல் சுருங்குகிறது, தொண்டை வீங்குகிறது. வேர்க்கடலை, பால், முட்டை, இறால் போன்ற உணவுகளும், பெனிசிலின் போன்ற மருந்துகளும், தேனீ, குளவி ஆகியவற்றின் கொட்டும் இதற்குக் காரணமாகலாம்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். தளர்ந்த இரத்தக் குழாயை அது இறுக்குகிறது. சுருங்கிய மூச்சுக் குழலை விரிக்கிறது. நம் நாட்டில் ஒவ்வாமை என்றவுடன் பெனிரமின் ஊசியையும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியையும் நாடும் பழக்கம் வேரூன்றியுள்ளது. அவை அரிப்பைத் தணிக்கலாம், துணை மருந்துகளாகப் பயன்படலாம்; ஆனால் அடைபடும் மூச்சையும் வீழும் இரத்த அழுத்தத்தையும் நிமிடக் கணக்கில் மீட்க அவற்றால் இயலாது. பெரியவர்களுக்கு அரை மில்லி கிராம் வரை, குழந்தைகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லி கிராம் வீதம், தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் செலுத்துவதே உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை.

எவ்வளவு நேரத்துக்குள் செலுத்த வேண்டும்? இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி 1990-களில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இன்றளவும் மேற்கோளாக எடுத்துக்காட்டப்படுகிறது. ஒவ்வாப் பொருள் உடலில் சேர்ந்தது முதல் மூச்சோ இதயமோ நிற்கும் வரையிலான இடைநிலைக் கால அளவு, உணவானால் 30 நிமிடம். பூச்சிக் கொட்டானால் 15 நிமிடம். மருத்துவமனையில் ஏற்றப்பட்ட மருந்தானால் 5 நிமிடம். குலுவின் மேட்டுத் தோட்டத்திலிருந்து சாலைக்கு இறங்கி வருவதற்கே 15 நிமிடம் போதாது. 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் அது வந்து சேரும் இடம் சாலைதான். ஆகவே மருந்து நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். நிபுணர் எழுதிய சீட்டின் உட்பொருள் இதுவே.

சீட்டு செல்லும் வழி

முதல் கடைக்காரர் சீட்டைப் படித்துப் பார்த்து, "இது இங்கே வராது, பாயி சாஹிப். ஆம்பூல் வேண்டுமானால் இப்போதே தருகிறேன்" என்று பெண்மணியின் கணவரிடம் கூறுவார். இரண்டாம் கடையிலும் அதே விடை. மூன்றாம் கடைக்காரர் சற்று அக்கறை உள்ளவர்; சண்டிகரில் உள்ள தம் ஸ்டாக்கிஸ்டுக்குத் தொலைபேசியில் பேசுவார். தானாக இயங்கும் அட்ரினலின் பேனா இந்தியச் சில்லறை மருந்துக்கடையின் வழக்கமான சரக்காகப் பல்லாண்டுகளாக இருந்ததே இல்லை என்பதால், ஸ்டாக்கிஸ்டின் பட்டியலிலும் அது இராது. இந்த நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. உலகின் 195 நாடுகளில் ஏறத்தாழ 32 விழுக்காட்டில் மட்டுமே இப்பேனா கிடைப்பதாகவும், அவற்றில் மிகப் பல செல்வம் மிக்க நாடுகளே என்றும் ஒவ்வாமை நிபுணர்கள் கணக்கிட்டுள்ளனர்.

கடைக்காரர் தருவதாகச் சொன்ன ஆம்பூலை வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். மருந்து ஒன்றே அல்லவா? மருந்து ஒன்றுதான். ஆனால் மூச்சுத் திணறும் பெண்மணியோ, கை நடுங்கும் அவர் கணவரோ ஆம்பூலின் கழுத்தை ஒடித்து, சிரிஞ்சில் ஊசியைப் பொருத்தி, மருந்தை உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, ஒரு மில்லி லிட்டரில் அரையை மட்டும் அளந்து குத்த வேண்டும். இது நடைமுறைக்கு உகந்ததா என்பதைக் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்டெல் சைமன்ஸும் அவருடைய குழுவினரும் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டனர். கைக்குழந்தைக்கு உரிய அளவை ஆம்பூலிலிருந்து சிரிஞ்சில் எடுக்குமாறு பெற்றோர்களைக் கேட்டபோது அவர்களுக்குச் சராசரி 142 விநாடி ஆயிற்று. அவசரப் பிரிவுச் செவிலியர்களுக்கு ஆன நேரமோ 29 விநாடி. நேரமாவது போகட்டும்; பெற்றோர்கள் எடுத்த அளவுகளுக்கிடையே 40 மடங்கு வரை வேறுபாடு காணப்பட்டது. அவர்கள் எதிரே குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கவில்லை. அமைதியான ஓர் அறையில் நடந்த சோதனை அது.

அடுத்த வழி இறக்குமதி. நாட்டில் விற்பனைக்கு இல்லாத மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 36-ஆவது விதி இடம் தருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி தம் சொந்த உபயோகத்துக்கான மருந்தை, எந்த ஒரு மருந்திலும் 100 சராசரி வேளை அளவுக்கு மேற்படாமல், பயணச் சுமையில் கொண்டுவரலாம். அஞ்சல் வழியாகவோ கூரியர் வழியாகவோ வரவழைக்க விரும்புவோர், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டை இணைத்து 12-ஏ படிவத்தில் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு விண்ணப்பித்து 12-பி படிவத்தில் அனுமதி பெற வேண்டும். விதி நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட விதி. அதைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் அதைப் பயன்படுத்தக் கூடியவர் யார்? படிவத்தின் எண் தெரிந்தவர். வெளிநாட்டுக் கடைக்குப் பணம் செலுத்தும் வசதி உள்ளவர். அல்லது வெளிநாட்டில் உறவினர் உள்ளவர். பெங்களூரிலும் டில்லியிலும் வாழும் வசதி படைத்த குடும்பங்கள், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் மூலமோ மைத்துனர் மூலமோ இப்பேனாவை வரவழைத்து வைத்துக்கொள்வது இயல்பாகிவிட்டது. மைத்துனர் இல்லாதவர்களுக்குச் சீட்டு சீட்டாகவே இருக்கிறது.

வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அரிய நோய்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையில் இடம் பெற்ற நோய்களுக்காகச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதியாகும் மருந்துகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்க வரி முற்றிலும் விலக்கப்பட்டது. மிகவும் வரவேற்கத்தக்க நடவடிக்கை. ஆனால் கடும் ஒவ்வாமை அரிய நோயன்று. அரிதாக இல்லாத காரணத்தால் அதற்கு அச்சலுகை இல்லை. பெருவாரியாகப் பதிவு செய்யப்படாத காரணத்தால் அதற்குச் சந்தையும் இல்லை. இரண்டு நாற்காலிகளுக்கு இடையில் அமர்ந்தவர் கதைதான்.

இத்தனையும் கடந்து பேனா வந்து சேர்ந்தாலும் அது நிரந்தரச் சொத்தன்று. பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குள் காலாவதியாகும் பொருள் அது. வெப்பமும் ஒளியும் அட்ரினலினுக்குப் பகை. அறை வெப்ப நிலையில், உறையினுள் வைக்க வேண்டும். குளிர்ப்பதனப் பெட்டியிலும் வைக்கலாகாது, வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைக்கலாகாது. மே மாதத்து இந்தியாவில் 'அறை வெப்ப நிலை' என்ற சொற்றொடருக்கு என்ன பொருள் என்பதை அவையோர் அறிவர்.

வில்லுக்கு ஒரு விலை

அட்ரினலின் புதிய கண்டுபிடிப்பா, காப்புரிமைதான் தடையா என்றால், அதுவும் இல்லை. ஜப்பானிய வேதியியலாளரான ஜோக்கிச்சி தக்காமினே அமெரிக்காவில் பணிபுரிந்தபோது 1900-01-இல் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார். 1904-இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஸ்டோல்ஸ் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். நூற்றாண்டைக் கடந்த மருந்து அது. புதியதாக இருப்பது மருந்தைத் தாங்கும் கருவி. நரம்பு நஞ்சு வீச்சுக்கு ஆளாகும் போர்வீரர், உடையின் மேலாகவே மாற்று மருந்தைத் தமக்குத் தாமே குத்திக்கொள்ள அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட வில்விசைக் கருவியே இதற்கு மூலம். ஷெல்டன் காப்லான் என்ற பொறியியலாளரின் முயற்சியால் அது அட்ரினலினுக்கு ஏற்றதாக மாற்றப்பட்டது. எபிபென் என்ற பெயரில் 1987-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. உள்ளே ஒரு கண்ணாடிக் குழல், ஓர் ஊசி, ஒரு சுருள்வில். தொடையில் வைத்து அழுத்தினால் வில் விடுபட்டு, அளந்து வைக்கப்பட்ட 0.3 மில்லி கிராம் மருந்து உள்ளே செல்லும். குழந்தைகளுக்கு 0.15 மில்லி கிராம். சில நோயாளிகளுக்கு இரண்டாம் முறையும் தேவைப்படுவதால் இரண்டு பேனாக்களைச் சேர்த்து வைத்திருக்கச் சொல்வது வழக்கம்.

இந்த வில்லுக்கு என்ன விலை என்பதை அமெரிக்கச் சந்தையே காட்டிவிட்டது. 2007-இல் மைலான் நிறுவனம் எபிபென்னைத் தன் வசமாக்கிக்கொண்டபோது இரண்டு பேனாக்கள் ஏறத்தாழ 100 டாலர். 2016-இல் 600 டாலருக்கு மேல். மருந்தில் மாற்றம் ஏதுமில்லை. போட்டி மட்டும் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு நிறுவனத்தின் தலைமை அதிகாரியை அழைத்து விசாரித்தது. டிசம்பரில் அதே பேனா வணிகப் பெயரின்றி 300 டாலருக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் டேவா நிறுவனத்தின் போட்டிப் பேனாவுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே 2018-இல் தட்டுப்பாடும் ஏற்பட்டு, குறிப்பிட்ட சில தொகுதிப் பேனாக்களின் காலாவதித் தேதியை நிர்வாகமே நான்கு மாதம் நீட்டித்து அறிவிக்க நேர்ந்தது. கருவி உள்ள நாட்டிலும் சீட்டு எளிதில் பொருளாக மாறிவிடவில்லை என்பதற்கு இது சான்று.

இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. இங்கே விலைக் கட்டுப்பாடு உண்டு, பேனா இல்லை. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, பட்டியலிட்ட மருந்து ஒன்றின் உச்ச விலை, சந்தையில் ஒரு விழுக்காடும் அதற்கு மேலும் பங்குள்ள தயாரிப்புகள் சில்லறை வணிகருக்கு விற்கப்படும் விலைகளின் சராசரியை எடுத்து, அதனுடன் 16 விழுக்காடு வணிகர் ஆதாயம் கூட்டி நிர்ணயிக்கப்படுகிறது. ஆம்பூலுக்கு இம்முறை மிகவும் பொருத்தம். பேனாவுக்கோ சராசரி எடுக்கத் தயாரிப்புகளே இல்லை. அதே ஒரு மில்லி கிராம் மருந்தை வில்லுடன் சேர்த்து விற்க முன்வரும் தொழிலதிபர் மனத்தில், நாளை இதற்கு ஆம்பூலின் உச்ச விலையைப் பொருத்திவிட்டால் என்ன செய்வது என்ற ஐயம் எழுவது இயற்கை. வெளிநாட்டு நிறுவனத்துக்கோ, முறைப்படி பதிவுச் சான்றும் இறக்குமதி உரிமமும் பெற்று, எத்தனை பேர் வாங்குவர் என்றே தெரியாத, விரைவில் காலாவதியாகும் சரக்கைக் கொண்டுவந்து குவிப்பது வணிகமாகத் தோன்றாது. உச்சவரம்பு, இருக்கும் பொருளின் விலையைத்தான் அடக்கும். இல்லாத பொருளைப் படைக்காது. பொருளாதார மாணவர்களுக்கு இது பழைய பாடம்தான். ஆனால் கோப்புகளில் இது அடிக்கடி மறக்கப்படுகிறது.

தொழில்நுட்பம் இந்நாட்டுக்கு எட்டாததும் அன்று. இரசாயனப் போர் ஆபத்தைக் கருதிப் படைவீரர்களுக்கான அட்ரோப்பின் தானியங்கி ஊசியைப் பாதுகாப்பு ஆராய்ச்சி, வளர்ச்சி நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கியுள்ளது. அமெரிக்காவில் போர்க்களத்துக் கருவி குடும்பப் பையை அடைந்தது போல் இங்கு நடக்காததற்குக் காரணம் பொறியியல் அன்று. வாங்குவோர் யார் என்பது தெளிவாகாமையே.

எண்ணப்படாத மரணம்

வாங்குவோர் யார் என்பது தெரிய வேண்டுமானால் நோயாளிகளை எண்ண வேண்டும். நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், அனஃபிலாக்சிஸை மரணத்தின் மூல காரணமாகக் குறிக்கத் தகுந்த குறியீடே இல்லை. 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில்தான் ஒவ்வாமை நோய்களுக்கென்று தனிப் பகுதி அமைந்தது. பணக்கார நாடுகளுக்கே இந்தக் குறை இருந்ததென்றால், மருத்துவச் சான்று பெறாமலேயே பல மரணங்கள் நேரும் இந்தியாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குளவி கொட்டி இறந்தவர் 'பூச்சிக்கடி' ஆகிறார். ஊசி மருந்து ஒவ்வாமல் இறந்தவர் 'மாரடைப்பு' ஆகிறார். எண்ணிக்கை இல்லாத நோய்க்குத் தேவை மதிப்பீடு இல்லை. தேவை மதிப்பீடு இல்லாத பொருளுக்குக் கொள்முதல் இல்லை.

துறைகளின் எல்லைக் கோடும் இதில் குறுக்கிடுகிறது. உணவுப் பொட்டலங்களில் வேர்க்கடலை, பால், முட்டை, சோயா முதலிய ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஒழுங்குமுறை விதிக்கிறது. பொட்டலத்தின் மேல் ஒவ்வாமை அங்கீகாரம் பெற்றுவிட்டது. மருந்துக்கடையின் அலமாரியில் இன்னும் பெறவில்லை. தேனீ வளர்ப்பு, தேன் உற்பத்திக்கான தேசிய இயக்கத்துக்கு 2020-21 முதல் மூன்றாண்டுகளுக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பின்னர் 2025-26 வரை அது நீட்டிக்கப்பட்டது. மகரந்தச் சேர்க்கையால் விளைச்சல் பெருகுவதைக் கருதினால் நல்ல முதலீடே. ஆனால் பெட்டி வேளாண்மைத் துறையின் கணக்கு, கொட்டு சுகாதாரத் துறையின் கணக்கு.

துணைச் செவிலியரின் பை

அரசு மனம் வைத்தால் இம்மருந்தைக் கிராமத்துக் கைக்குக் கொண்டுசேர்க்க முடியும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. தடுப்பூசித் திட்டமே அதற்குச் சான்று. தடுப்பூசிக்குப் பின் அரிதாக அனஃபிலாக்சிஸ் நேரலாம். முன்பு, மருத்துவர் இல்லாத இடத்தில் துணைச் செவிலியர் அட்ரினலின் போடலாமா என்பது தயக்கத்துக்குரிய கேள்வியாக இருந்தது. பின்னர் சுகாதார அமைச்சகம் தெளிவான முடிவெடுத்தது: அனஃபிலாக்சிஸ் என்று ஐயம் எழுந்தால், மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வேளை அட்ரினலினைத் தசையில் செலுத்தத் துணைச் செவிலியருக்கு அதிகாரம் உண்டு. அதற்கென ஒரு சிறு பையும் வகுக்கப்பட்டது. அட்ரினலின் ஆம்பூல் மூன்று, ஒரு மில்லி லிட்டர் டியூபர்குலின் சிரிஞ்சு, அல்லது ஊசி தனியே பொருத்தத் தக்க 40 அலகு இன்சுலின் சிரிஞ்சு மூன்று, ஓர் அங்குல ஊசி மூன்று, பஞ்சு, வயது வாரியாக எத்தனை அளவு என்று கூறும் அட்டை, மருத்துவ அலுவலரின் தொலைபேசி எண், செலுத்திய விவரத்தைக் குறிக்கச் சீட்டு. இவ்வளவுதான். 2021 ஜனவரி 16-இல் தொடங்கிய கோவிட் தடுப்பூசி இயக்கத்தில் இத்தகைய பை ஒவ்வொரு முகாமிலும் இருக்க வேண்டும் என்றும், ஊசி போட்டுக்கொண்டவர் 30 நிமிடம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டதை அனைவரும் நேரில் கண்டனர்.

இந்தப் பையில் வில் இல்லை, கருவி இல்லை. இருப்பது மலிவான மருந்து, தக்க சிரிஞ்சு, எழுதி வைத்த அளவு, பயிற்சி, அதிகாரம். 40 அலகுச் சிரிஞ்சில் 20-ஆவது கோடு வரை என்று அட்டையில் எழுதியிருந்தால் அரை மில்லி லிட்டர் என்பதை மனக்கணக்காகப் போட வேண்டியதில்லை. சைமன்ஸின் சோதனையில் தடுமாறிய பெற்றோர்களுக்கு இல்லாதிருந்ததும், 29 விநாடியில் முடித்த செவிலியர்களுக்கு இருந்ததும் பழக்கமே.

ஆகவே பேனா வரும் வரை காத்திருப்பதா, பேனா வேண்டாம் என்று விட்டுவிடுவதா என்று இரண்டே வழிகள் இருப்பதாகக் கருத வேண்டியதில்லை. இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. உரிய அளவு மருந்தை மருத்துவமனையிலேயே சிரிஞ்சில் நிரப்பி, மூடி, ஒளி புகாத உறையிலிட்டு நோயாளியிடம் கொடுப்பது. பேனா எட்டாத நாடுகளில் மருத்துவர்கள் இதைக் கையாண்டு வருகின்றனர். அவ்வாறு நிரப்பிய சிரிஞ்சில் மருந்தின் வீரியமும் தூய்மையும் மூன்று மாதம் வரை கெடாதிருந்தன என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் தெரிவித்தனர். இதில் குறை இல்லாமல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உலக்கைத் தண்டு தற்செயலாக அழுந்தாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசியைக் கண்டு அஞ்சுபவர் தயங்குவர். ஆயினும் வெறும் சீட்டைவிட நிரம்பிய சிரிஞ்சு மேலானது. சர்க்கரை நோயாளிகள் இலட்சக் கணக்கானோர் தம் வீட்டில் தாமே இன்சுலின் போட்டுக்கொள்ளும் நாட்டில், ஊசி சாதாரண மக்களால் ஆகாத காரியம் என்று கூறிவிட முடியாது.

இதை யார் செய்வது? நாட்டில் மக்கள் மருந்தகங்களின் எண்ணிக்கை 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 15,000-ஐ எட்டிவிட்டது. தொழிற்சாலையிலேயே நிரப்பி முத்திரையிட்ட அட்ரினலின் சிரிஞ்சு அந்த மருந்தகங்களின் பட்டியலில் ஏறுமானால், அதற்குக் குறைந்த அளவு உறுதியான வாங்குவோர் ஒருவர் கிடைத்துவிடுகிறார். தொழிலதிபரின் ஐயத்தில் பாதி அங்கேயே தீரும். பாக்கிப் பாதிக்கு, இவ்வடிவத்தின் விலை ஆம்பூலின் விலையோடு பிணைக்கப்படாது என்பதை விலை நிர்ணய அதிகாரிகள் முன்கூட்டியே எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும். ஒவ்வொரு மருந்தகத்திலும் பத்து இருப்பு என்று கொண்டாலும் ஒன்றரை இலட்சம் சிரிஞ்சு. காலாவதியாகும் சரக்கின் இழப்பை அரசு ஏற்க வேண்டியிருக்கும் என்பது உண்மையே. தீயணைப்பு வண்டி ஓடாத நாள்களின் செலவை எவரும் இழப்பு என்று எழுதுவதில்லை.

ஊசியே இல்லாத வழியும் இதற்குள் வந்துவிட்டது. மூக்கில் தெளிக்கும் அட்ரினலினுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது; ஐரோப்பிய ஒன்றியமும் அதே மாதம் அளித்தது. வில்லும் இல்லை, ஊசியும் இல்லை என்பதால் இந்தியத் தொழிற்சாலைகளுக்கு இது பேனாவைவிட எளிதாக அமையலாம். அது காப்புரிமைக்கு உட்பட்ட புதுப்பொருள். விலை என்னவாகும் என்பது வேறு கேள்வி. அது வரும் போதாவது, பட்டியலில் மருந்தின் பெயர் மட்டுமன்றி வடிவமும் எழுதப்படுமா என்பதைக் கவனிக்க வேண்டும். 'அட்ரினலின், ஊசி, 1 மில்லி கிராம்' என்ற ஒற்றை வரியின் கீழ் ஆம்பூல் இருக்கும் வரை, கொள்முதல் அலுவலர் வாங்குவது ஆம்பூலாகவே இருக்கும். அவர்மேல் குற்றமில்லை.

பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 2013-இல் இயற்றிய சட்டம், பள்ளிகள் எந்த மாணவர் பெயருக்கும் அன்றிப் பொதுவாகவே அட்ரினலின் வைத்திருப்பதை ஊக்குவிக்கிறது. இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஏற்கெனவே சுகாதாரப் பணியாளர்கள் சென்று வருகின்றனர். துணைச் செவிலியரின் பையில் இருக்கும் அதே பொருள்களும் அதே அட்டையும் பள்ளி அலுவலகத்தில் இருக்க என்ன தடை? மருந்து கைவசம் இருந்தும் போடுவதற்கு அதிகாரம் இல்லை என்று தலைமை ஆசிரியர் அஞ்சுவதுதான் தடை. துணைச் செவிலியருக்கு அந்த அச்சத்தை நீக்கியது ஓர் உத்தரவு. அத்தகைய உத்தரவு ஆசிரியருக்கும் வேண்டும். நல்லெண்ணத்துடன் ஊசி போட்டவர்மேல் வழக்கு வராது என்ற வாசகமும் அதில் வேண்டும்.

குலுவின் பெண்மணியிடம் திரும்பினால், அவருடைய கணவர் மூன்றாம் கடையில் ஆம்பூல் ஐந்தும் சிரிஞ்சு ஐந்தும் வாங்கிக்கொண்டு, அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்குச் சென்று, அங்குள்ள செவிலியரிடம் அளவைக் கேட்டுச் சிரிஞ்சின் மேல் பேனா மையால் ஒரு கோடு போட்டு வாங்கி வரலாம். இன்றைய நிலையில் அவரால் ஆகக்கூடியது அதுதான். பலர் அவ்வாறுதான் செய்கின்றனர். செவிலியர் சொல்லிக் கொடுப்பது அவருடைய பணிப் பட்டியலில் இல்லாத வேலை. அவர் அதைச் செய்வது இரக்கத்தின் பாற்பட்டது. அடுத்த பூக்கும் பருவம் ஏப்ரலில். ஆம்பூலின் மேல் அச்சிட்ட காலாவதி மாதம் எது என்பதை அதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுமாறும் அச்செவிலியர் சொல்லி அனுப்புவார்.